வால் இடிக்கும் இடம்

எண்ணூர் விரைவுச் சாலையில் கன்டெய்னர் வரிசை நகரும்வரை
இறங்கிப்போய் வண்டிக்குப் பின்னால் குந்திப் பார்ப்பேன்.
பம்பருக்குக் கீழே ஒரு சாணும் நாலு விரலும்
தொங்கியது கொக்கி.
அதன் பந்துத் தலையில் கிரீஸ்,
கிரீஸில் மணல்,
மணலில் மணலியின் கருப்பு.

முன்பக்கம் பற்றி எல்லாரும் பேசுவார்கள்:
எவ்வளவு மேடு ஏறும், எந்தக் கல்லைத் தாண்டும்.
ஏறின வண்டி எங்கே உட்காரும் என்று
கேட்பாரில்லை.
பொலேரோ வாங்கியபோது
நானும் கேட்கவில்லை.

பற்றவைத்தவர் ஜபருல்லா,
திருவொற்றியூர் தேரடிக்குப் பின்சந்தில்.
"டிரெய்லர் மூக்கு தாழ்வா கீது.
கொக்கியை எறக்கித்தான் வெக்கணும்."
"பள்ளத்துல இன்னா ஆவும்?"
"பள்ளத்துக்கு ஏம்மா போற?"

பள்ளத்துக்குத்தான் போகிறேன்.
கஸ்மீரின் ஃபைபர் படகை இழுத்துக்கொண்டு
முகத்துவாரம் தாண்டி,
சாம்பல் குழாய் வெடித்து வெடித்து
தரையே வேறு நிறமாகிப்போன இடத்துக்கு.
மழை பெய்தால் பிசின்,
காய்ந்தால் மாவு.
குழாய் மாற்ற வெட்டிய வாய்க்கால் ஒன்று
மூடாமலே கிடந்தது.

முன்சக்கரம் இறங்கியது, ஏறியது.
நல்ல வண்டி என்று நான் நினைத்த அந்த நொடியில்
பின்னால் ஒரு சத்தம்,
பல்லில் கல் பட்ட மாதிரி.

அப்புறம் அசையவில்லை.
படகு சக்கரத்தின் மேல் நிற்க
வண்டி நங்கூரம் போட்டிருந்தது.

கஸ்மீர் மண்ணைத் தள்ளினார். அவர் மச்சான் வண்டியைத் தள்ளினான்.
நான் ஆக்சிலேட்டரை மிதித்தேன், சக்கரம்
சாம்பலைக் கரைத்து எங்கள் மூவருக்கும் பூசியது.
டிரெய்லரைக் கழற்றலாமென்றால்
பூட்டே சேற்றுக்குள்.
ஓதம் வேறு ஏறிக்கொண்டிருந்தது,
முதலில் செருப்புக்கு, பிறகு கணுக்காலுக்கு.

கழிமுகத்தில் கையாலேயே இறால் தடவுகிற பெண்கள்
பறியை வாயில் கவ்வியபடி
கரையேறி வந்தார்கள்.
ஒருத்தி, கன்னிம்மா, யாரையும் கேட்காமல்
பம்பருக்கடியில் கன்னம் ஒட்டப் படுத்து
தோள்வரை கையை விட்டாள்.
கண் எங்கேயோ பார்த்தது.
விரல் மட்டும் வேலை செய்தது.
இறால் எந்தப் பக்கம் முதுகு வைத்திருக்கிறது என்று
தெரிந்துகொள்கிற விரல்.

"கல்லு இல்ல. பழைய குழாயோட வாய்.
உங்க இரும்பு அதுக்குள்ள கவ்வினு கீது.
முன்னால போனா இன்னும் கவ்வும்.
பின்னால போ. ஒரு சாண் போதும்."

பின்னாலா?
படகு இருக்கிறது, ஓதம் இருக்கிறது,
ரிவர்ஸில் டிரெய்லர் எந்தப் பக்கம் மடங்கும் என்று
கடவுளுக்கே தெரியாது.
போனேன். ஒரு சாண்.
சேறு வாய்திறந்து
கொக்கியைத் துப்பியது.

ஜபருல்லா அதை அறுத்து மேலே வைத்தார்.
டிரெய்லர் மூக்கு தூக்கிக்கொண்டது,
எர்ணாவூர் மேம்பாலம் இறங்கும்போது
இப்போது படகின் வால் இடித்தது.
கஸ்மீர் என்னோடு நான்கு நாள் பேசவில்லை.
கடைசியில் ஒரு பட்டையில் ஐந்து துளை போட்டு
இரண்டு பின் கொடுத்தார்:
தாருக்கு ஒரு துளை, சேற்றுக்கு ஒரு துளை.
நடு மூன்றும் எதற்கு என்றால்
"ட்ரில் ஓடினு இருந்துச்சு" என்றார்.

கன்னிம்மாவுக்கு நூறு ரூபாய் நீட்டினேன் அன்று.
பார்த்தாள், வாங்கவில்லை.
"சடையங்குப்பம் வரைக்கும் எறக்கி வுடு.
பஸ்ஸுல ஏத்த மாட்டேங்கறான், நாறுதாம்."

அதிலிருந்து திரும்பும்போதெல்லாம்
வாய்க்கால் ஓரம் நிற்கிறார்கள்,
ஐந்து பேர், சில நாள் ஏழு.
ஈரப் பாவாடையோடு பின்னால் ஏறி உட்கார
பட்டைகள் முனகுகின்றன,
வால் இரண்டு விரல் தாழ்கிறது.

போகும் வழியில் பதினோரு வேகத்தடை.
ஒவ்வொன்றிலும் குறுக்காக ஏறி
ஒரு சக்கரம் ஒரு சக்கரமாக
இறக்குகிறேன்.