இருப்பில் இல்லை

ஹட்டன் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே, பேக்கரி மாடியில்,
மூன்று கணினியும் ஒழுகும் தகரமும் உள்ள அறை.
கொழும்புக் கம்பெனியின் இணையக் கடைக்கு
புகார் பார்ப்பவள் நான்.
சப்பாத்து அளவு பிழை, குக்கர் மூடி நெளிவு,
பொம்மைக்கு ஒரு கண் குறைவு.
இன்று ஒரு புத்தகம்.

நான்கு வயதிலிருந்து ஏழு வரை. கெட்டி அட்டை.
பழைய பதிப்பின் மறுஅச்சு.
தலவாக்கலையிலிருந்து புஷ்பகாந்தி டீச்சர் எழுதியிருந்தார்:
பதினோராம் பக்கம் பாருங்கள்.
வேறொன்றும் எழுதவில்லை.

பார்த்தேன்.
பச்சை மலை, அதன் பின்னும் பச்சை மலை,
நடுவே வெள்ளைக் குதிரை.
குதிரைக்குப் பேர் உண்டு. நாய்க்கும் உண்டு.
துரைக்கு முன்னெழுத்தோடு நீளமான பேர்.
கூடை சுமந்த பெண்ணுக்கு
கண் இருக்கவேண்டிய இடத்தில் இரண்டு புள்ளி,
வாய் இருக்கவேண்டிய இடமெல்லாம் பல்.
கீழே அந்தச் சொல்.
டவுன் பள்ளிக்கூடத்தில் என் முதுகுக்குப் பின்னால் கேட்ட சொல்.
பிள்ளைகள் கூட்டி வாசிக்கத் தோதாக
எழுத்தெழுத்தாய்ப் பிரித்து அச்சிட்டிருந்தார்கள்.

எங்கள் பக்கம் பேர் என்றால் ஒரு நாள் சம்பளம்.
கிலோ குறைந்தால் அரைப்பேர்.
இவள் எண்பது வருஷமாக
கூடை தளும்ப நிற்கிறாள்,
அரைப்பேர்கூட விழவில்லை.

திரையில் இரண்டு பொத்தான்கள்:
நீக்கு. வைத்திரு.

தூக்கு, இதிலென்ன யோசனை என்றாள் பக்கத்து மேசை ரிஸ்னா.
ஷெஹான் சேர் கொழும்பிலிருந்து பேசினார்:
நிறுத்தினால் தடை என்பார்கள், விற்றால் வெட்கம் என்பார்கள்,
நீங்கள் அங்கேயே இருப்பவர், நீங்களே சொல்லுங்களேன்.
அங்கேயே இருப்பதற்கு
என் சம்பளத்தில் தனிப் படி ஏதும் இல்லை.

யோசிக்காமலும் இல்லை.
எங்களை இப்படித்தான் வரைந்தார்கள் என்பதற்கு
இதுவும் ஒரு சாட்சி அல்லவா?
சாட்சியை நானே ஏன் ஒளிக்க வேண்டும்?
வழக்குக் கட்டைப்போல எங்காவது நூலகத்தில் இருக்கட்டும்,
வளர்ந்தவர்கள் போய்ப் புரட்டட்டும்.
ஆனால் இது நான்கிலிருந்து ஏழு வரை.
என் திஷானிக்கு ஐந்து.
தீப்பெட்டி, பஸ் போர்டு, மருந்துச் சீட்டு,
எதையும் விடமாட்டாள்,
கூட்டிக் கூட்டி வாசிப்பாள்.
வாசிக்க முடிந்ததெல்லாம் உண்மை என்று நம்புகிற வயது.

அழுத்தினேன். சத்தமே இல்லை.
அட்டைப்படத்தின் மேல் சாம்பல் நிறத்தில் விழுந்தது:
இருப்பில் இல்லை.

மத்தியானத்துக்குள் வேறொருவர்
அரிய நூல் என்று ஏற்றிவிட்டார்.
ஒன்பதாயிரம் ரூபாய்.
மறுபடி நீக்கினேன். மூன்று மணிக்கு இன்னொருவர்.
மானாப்புல் பிடுங்குகிற வேலைதான்,
கையில் கீறல் இல்லை, அவ்வளவே வித்தியாசம்.

பஸ்ஸுக்கு அரைமணி இருந்தது.
வீம்புக்கு, பிள்ளைக்கு நல்லதாய் ஒன்று தேடினேன்.
கிடைத்தது.
ஒரு சிறுமி, அவளுக்கு ஒரு பேர்,
செயின் கழன்ற சைக்கிள், மூக்குமுட்டக் கோபம்.
கூடையும் இல்லை, மலையும் இல்லை.
காசு கட்டப் போனேன். விலாசம் கேட்டது.
கீழ்ப் பிரிவு, ஆறாம் லயம், நாலாம் காம்பரா.
சக்கரம் சுற்றியது, சுற்றியது.
பிறகு சிவப்பில்,
நானே தமிழாக்கிக் கொடுத்த வரி:
இந்த முகவரிக்கு விநியோகம் இல்லை.

எங்களை ஏசும் புத்தகத்தை நிறுத்த
ஒரு விரல் போதுமாயிருந்தது.

கீழே மஸ்கெலியா பஸ் ஹோர்ன் அடித்தது. போகட்டும்.
புகார்ப் படிவத்தைத் திறந்தேன்.
பேர் என்ற கட்டத்தில்
முழுப்பேரையும் எழுதினேன், முன்னெழுத்தோடு.
நாளைக் காலை எட்டரைக்கு
அது என் மேசைக்கே வரும்.