மூன்று

மாலை நான்கு மணிக்குள் ஓர் எண்ணைச் சொல்லியாக வேண்டும்.
ஒன்றிலிருந்து ஐந்துக்குள்.
டாட்ரா மலையின் இந்தப் பக்கத்துக்கு
அதைச் சொல்வது என் வேலை.

ஐந்து என்றால் யாரும் வரமாட்டார்கள்,
பேருந்துகூடக் கீழ் நிறுத்தத்தோடு திரும்பிவிடும்.
ஒன்று என்றால் என் நினைப்பே யாருக்கும் இருக்காது.
மூன்றுதான் தொல்லை.
மதில்மேல் பூனை.
பாதி மதிப்பெண் வாங்கிவந்த பிள்ளையைப் போல
அதைப் பார்த்து எல்லோரும்
'பரவாயில்லை' என்கிறார்கள்.

நேற்றுக் காலை போகுஷும் நானும்
வடகிழக்குச் சரிவின் ஓரத்தில் குழி வெட்டினோம்,
மார்பளவு.
வெட்டிய சுவரைத் தூரிகையால் நீவினால்
குளிர்காலம் வரிவரியாகத் தெரியும்:
நவம்பர் மழை உறைந்த ஓடு,
கிறிஸ்துமஸுக்குப் பெய்த கனத்த பனி,
எல்லாவற்றுக்கும் மேலே
காற்று கொண்டுவந்து அடித்து இறுக்கிய பலகை.
பலகைக்கு அடியில்
பென்சில் கோடு தடிமனில் ஒரு சாம்பல் இழை.

அந்த இழையை எனக்குத் தெரியும்.
அது ஒரு வியாழக்கிழமை இரவு.
மேகமில்லை, காற்றில்லை.
விடுதியில் இருந்தவர்கள் தேநீர்க் கோப்பையோடு
வெளியே வந்து விண்மீன் பார்த்தார்கள்.
நானும் பார்த்தேன்.
அண்ணாந்து நின்ற எங்கள் காலடியில்
சத்தமில்லாமல் முளைத்துக்கொண்டிருந்தது உறைபனி,
இறகு இறகாய்.
இந்த ஆண்டின் மிக அழகான இரவின்மேல்
நாற்பது சென்டிமீட்டர் பனி இப்போது
உட்கார்ந்திருக்கிறது.

ஒரு தூணை அறுத்து
மண்வெட்டியை மேலே வைத்துத் தட்டினேன்.
மணிக்கட்டிலிருந்து பத்து. ஒன்றுமில்லை.
முழங்கையிலிருந்து
ஒன்று, இரண்டு,
மூன்று.
இழுப்பறை திறந்ததுபோல
மேல்பாதி வழுக்கி என் மடியில் விழுந்தது.
போகுஷ் குறித்துக்கொண்டான்.

இரவு வாவ்ரினெட்ஸ் தொலைபேசியில் கேட்டான்:
"நாளைக்கு ஏறலாமா?"
"மூன்று."
"அது தெரியும். ஏறலாமா?"
வடகிழக்கு வேண்டாம் என்றேன்.
"பார்த்துக்கொள்கிறோம்" என்றான்.
மலையேறிகளின் பேச்சில் அதற்கு என்ன பொருள் என்று
பதினோரு குளிர்காலமாய்க் கற்றுக்கொண்டிருக்கிறேன்.

இன்று நண்பகல்
அலுவலகக் கதவின் கைப்பிடியில் ஒரு பை தொங்கியது.
கசகசா வைத்துச் சுருட்டிய ரொட்டி, சூடு ஆறாமல்.
ஜெல்மீராவின் சாய்ந்த எழுத்தில் ஒரு சீட்டு:
'வடகிழக்கில்தான் போனோம். அருமையான பனி.
உங்கள் மூன்று கொஞ்சம் அதிகம்!'

எதிர் முகட்டுக்குப் போய்த் தொலைநோக்கியில் பார்த்தேன்.
இரண்டு பேரின் தடம்.
தடத்துக்கு ஒரு முழம் மேலே
சரிவின் குறுக்கே ஒரு விரிசல்,
கத்தியால் கீறியதுபோல, அறுபது அடி இருக்கும்.
கிளம்பியிருக்கிறது.
பிறகு ஏனோ நின்றிருக்கிறது.

ஒரு பாறை முனை பிடித்திருக்கலாம்.
ஜெல்மீராவின் முதுகுப்பையில்
ஒரு கயிறு குறைவாய் இருந்திருக்கலாம்.
மேகம் கால்மணி நேரம் கூடுதலாக
வெயிலை மறைத்திருக்கலாம்.
மலை விடைத்தாளைத் திருத்தித் தருவதில்லை.
தப்பான விடைக்கும்
கையில் ரொட்டியோடு வீட்டுக்கு அனுப்பிவிடுகிறது,
சில நாள்.

பார்த்துக்கொண்டிருக்கும்போதே காற்று எழுந்து
விரிசலைத் தூர்க்கத் தொடங்கியது.
படம் எடுத்தேன்.
படத்தில் சாம்பல்மேல் சாம்பல்.

மூன்றே முக்கால்.
ஜெல்மீராவுக்குப் பதில் எழுத உட்கார்ந்தேன்.
'ரொட்டிக்கு நன்றி.'
அதற்குமேல் விரல் ஓடவில்லை.
பனித்துகள் அளக்கும் கட்டம் போட்ட தகட்டில்
உதிர்ந்து கிடந்தது கசகசா, இந்த ஊரின் கருநீலக் கசகசா.
பழக்கதோஷம், லென்ஸை வைத்துப் பார்த்தேன்.
ஒரு மில்லிமீட்டர். உருண்டை.
ஒன்றோடொன்று ஒட்டவில்லை.

"என்ன எண்?" என்கிறான் போகுஷ்.

அதே மூன்று.
ஆனால் குறிப்பு எழுதுகிற கட்டத்தில்,
எப்போதும் காலியாக விடுகிற இடத்தில்,
அந்த வியாழக்கிழமையைப் பற்றி
எழுதத் தொடங்குகிறேன்.