ஐந்தாம் மாடியிலிருந்து விழுந்த எண்

சனிக்கிழமைகளில் லிப்ட் வேலை செய்யாது.
அதையும் விளையாட்டில் சேர்த்துக்கொண்டோம்:
மூச்சு வாங்க வந்து சேருகிறவருக்கு
முதல் சுற்றில் ஒரு புள்ளி குறையும்.

ஹம்திக்கு லீசிங் கொம்பனியில் வேலை.
தவணை தவறியவர்களின் வண்டிகளை
வெள்ளி மாலை வரை தூக்கி வருவான்.
இங்கே அவன் திருடன்.
திருடியதை வழியில் கண்டவருக்கெல்லாம் கொடுத்துவிட்டு
எங்களைப் பட்டினி போடுகிற திருடன்.

மயூரதி ஆஸ்பத்திரியில் இரத்தம் எடுப்பவள்.
மருத்துவச்சியாக வாறியா என்று முதல் நாளே கேட்டேன்.
'கிழமைக்கு ஆறு நாள் அதுதானே செய்யிறன்'
என்று கோடரியை எடுத்தாள்.

இமேஷா மந்திரங்களைச் சிங்களத்தில் சொல்வாள்.
தமிழில் அவளுக்குத் திட்ட மட்டும் வரும்,
பூதங்களுக்கு அது காணும்.

துஷாந்தன் வரைபடம் கீறுவான்.
கட்டடக் கணக்குப் பார்க்கிறவன்;
செங்கல் எண்ணிக்கை பிழைத்த கோட்டைக்குள்
கால் வைக்க மாட்டான்.

நான் கதைசொல்லி.
எல்லாப் பூதங்களுக்கும் ஒரே வாய்.

அன்று கால்வாய்ப் பூதத்தோடு நான்காவது மணித்தியாலம்.
நடுவில் ஒரு பிளேன்டி, ஒரு கை முன்னூற்றி நாலு.
துரும்பைக் கோட்டைவிட்ட துஷாந்தன்
ஈர்க்குக் கடுக்கனோடு உட்கார்ந்திருந்தான்.
உள்ளறையில் அவன் தம்பி, காதில் ஹெட்போன்,
பிரேசிலில் இருக்கிற யாரையோ
'பின்னாலை பார், பின்னாலை பார்' என்று
தமிழிலேயே காப்பாற்றிக்கொண்டிருந்தான்.

கோடரியை ஓங்கியாயிற்று.
பதினேழு விழுந்தால் பூதம் சாகும்.
ஒன்று விழுந்தால் மயூரதி.

அவள் குலுக்கினாள்.
கடற்கரை ரயில் வந்தது.
மேசை நடுங்கியதா, அவள் கை நடுங்கியதா,
இருபது முகப் பச்சைப் பகடை
ரோல்ஸ் தட்டில் மோதி
பல்கனிக் கம்பியில் ஒருமுறை நின்று
யோசித்து
விழுந்தது.

ஓடிப்போய்க் குனிந்தோம்.
கீழே ஸ்டேஷன் ரோட்டில் ஒரு சிவப்பு ஓட்டோ.
கூரையில் பச்சைப் பொட்டு.
'இருபது' என்றான் ஹம்தி.
'எக்காய்' என்றாள் இமேஷா, ஒன்றுதான்.
ஐந்து மாடி உயரத்திலிருந்து
இரண்டும் ஒரே அளவு தெரிந்தன.

ஓட்டோ ஸ்டார்ட் எடுத்தது.
படிகளில் பாய்ந்து இறங்கினோம்,
எங்களைத் தாண்டி லிப்ட்
வெறுமையாக, வெளிச்சமாக மேலே போனது.
தெருவுக்கு வந்தபோது
பூதத்தின் தலைவிதி காலி வீதியில் திரும்பி
தெஹிவளைப் பக்கம் போய்க்கொண்டிருந்தது.

'மேசையை விட்டு விழுந்தால் மறுபடி எறியலாம்'
என்றான் துஷாந்தன், கடுக்கன் கழற்றாமல்.
'எறிஞ்சது எறிஞ்சதுதான்' என்றாள் மயூரதி.
சாகப்போவது அவளாகவும் இருக்கலாம்,
அதனால் யாரும் எதிர்த்துப் பேசவில்லை.

மூன்று சனி போயிற்று.
கோடரி அந்தரத்தில் நிற்கிறது.
அதன் கீழே குனிந்து போய் வேறு வேலைகள் பார்த்தோம்,
ஒரு பாலம், ஒரு கலியாணம், உப்பு வியாபாரத்தில் ஒரு மோசடி.
கண்ணை மூடாமல் நிற்கிற பூதத்துக்கு
இமேஷா ஒருநாள் மழைக்குக் குடை பிடித்தாள்.

நேற்று, வியாழன், ஹம்தி எடுத்தான்.
தெஹிவளையில் ஒரு ஒழுங்கை.
மூன்று மாதத் தவணை பாக்கி.
சிவப்பு.
'கூரை றெக்ஸினைத் தைச்ச மடிப்புக்குள்ள
இறுகிக் கிடக்குது மச்சான்,
ஒரு முகம் மட்டும் மேலே.'

என்ன எண் என்று கத்தினேன்.

அவன் அதைச் சொல்லவில்லை.
வண்டியைத் தூக்கினாயா என்று பிறகு கேட்டேன்.
'வீட்டில் ஆளில்லை, வண்டியும் இல்லை
எண்டு எழுதிப் போட்டு வந்திட்டன்.
மற்றதைச் சனிக்கிழமை சொல்லுறன்.'

நாளைக்கு ஏழு மணி.
லிப்ட் வேலை செய்யாது.
அவன் ஏறி வருகிற சத்தத்தை
நான் முதலாம் மாடியிலிருந்தே எண்ணுவேன்.