ஆட்காட்டி

டொக்டர் எழுதித் தந்தது
ஒரு நாளைக்கு ஆறாயிரம் அடி.
மிஸ்ரியாவுக்கும் அதே டொக்டர், அதே சீனி,
ஆகவே அதே அடி.

விடிய ஐந்தே முக்காலுக்கு
உப்புவெளிச் சந்தியில் சேர்வோம்.
ஹொட்டேல்களின் பின்மதில்,
மீன்பெட்டி கழுவின தண்ணி,
கட்டி முடியாத மாடிவீடு ஒன்றின் படிக்கட்டு,
பிறகு களப்பின் ஓரமாக
சாம்பல்தீவுப் பாலம் மட்டும்
ஆட்கள் நடந்து நடந்து உண்டான வழி.

குடையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு
தந்தி கொண்டு போகிறவள் மாதிரி
அவள் நடப்பாள்.
நான் நின்றுவிடுவேன்.

என்ன செய்ய,
நெடுங்கால் உள்ளான் ஒன்று
அந்தச் சிவப்புக் கால்கள் இரவல் வாங்கியவை போல
அவ்வளவு கவனமாய்ச் சேற்றில் தூக்கி வைக்கிறது.
பட்ட கம்பில் நீர்க்காகம்
இரண்டு செட்டையையும் விரித்து,
வாகனம் ஒன்றும் வராத தண்ணீரைப்
பொலிஸ்காரன்போல் மறிக்கிறது.
கூழைக்கடா வந்து இறங்கும்போது
களப்பு ஒரு முழம் ஒதுங்கி இடம் விடுகிறது.

பாலத்துக்கு இப்பால்
பழைய சென்றியின் மண்மூட்டைகள்
கிழிந்து, புல் முளைத்து,
உள்ளே ஒரு கபரக்கொய்யா குடியிருக்கிறது.
தலையை நீட்டி, நாக்கை நீட்டி,
எங்களைக் காற்றிலேயே வாசித்துவிட்டு
சரி போங்க என்பதுபோல் உள்ளே இழுத்துக்கொள்ளும்.
கைப்பையின் சிப்பைத் தொட்ட என் விரல்
எதற்கென்று தெரியாமல்
இன்னும் கொஞ்சநேரம் அங்கேயே இருக்கும்.

போனில் எனக்கு ஆயிரத்து எண்ணூறு.
அவளுக்கு மூவாயிரத்து நானூற்றுப் பன்னிரண்டு.
“நீங்க நடக்க வாறீங்களா,
கொக்குக்குக் காவலிருக்க வாறீங்களா?”
நிற்பதை எண்ணுகிற கருவி
இன்னும் எந்தக் கடைக்கும் வரவில்லை.

சித்திரை பிறக்க மூன்று நாள்.
வடக்கே போகவேண்டிய சின்ன உள்ளான்கள்
எல்லாம் ஒன்றாய் எழும்பி
எல்லாம் ஒன்றாய் மனம் மாறி இறங்கின.
அப்போதுதான் தலைக்குமேல் கத்தல்.

ஆட்காட்டி.
கண்ணோரம் சிவந்த சதை, மஞ்சள் கால்.
எங்கள் வயதுக்காரருக்கு
அந்தப் பெயரைச் சொல்லும்போது
குரல் தானாக ஒரு படி இறங்கும்.
அதற்கென்ன தெரியும்.
முன்னால் ஓடி, செட்டை முறிந்ததுபோல் சரிந்து,
என்னைப் பிடி, என்னைப் பிடி என்றது.
நான் அதன் பின்னால் போனேன்.

மிஸ்ரியாவின் குடை குறுக்கே விழுந்தது.
“காலை எடுக்காதீங்க.”
என் செருப்புக்கும் அவள் செருப்புக்கும் நடுவே
கிரவலோடு கிரவலாய்
நான்கு முட்டைகள்.
இரண்டு வருடத்தில்
அவள் நின்று நான் கண்டது அன்றுதான்.

“இதாலதானே ரோட்டுப் போடப் போறாங்க.”
“ஒரு கம்பு நட்டு, துணி கட்டி விட்டா?”
“லொறிக்குத் தெரியும். நாய்க்கும் தெரியும்.
பொடியன்மாருக்கும் தெரியும்.”
பொறுக்கிய கம்பு
சந்தி மட்டும் என் கையில் வந்தது.

சந்தியில் டிப்பர் ஒன்று இரைந்துகொண்டு நின்றது.
தலையை நீட்டினான் டிரைவர்.
“அக்கா, பாலத்தடிக்குக் களப்போரத்தால போகலாமா?
கிரவல் பறிக்கணும்.”

காணிக் கந்தோரில் எனக்கு இருபத்தாறு வருடம்.
ஓர் எல்லையை
ஒரு விரற்கடை தள்ளிச் சொன்னதில்லை.

“அது ஒரே சேறு, தம்பி.
போன கிழமையும் ஒண்டு புதைஞ்சது.
அங்கால, பெரிய ரோட்டால போங்க.”
கையை நீட்டினேன்.
நீட்டிய கை, ஏனோ,
தோளிலிருந்து கொஞ்சம் சரிந்திருந்தது.
மிஸ்ரியாவும் குடையால் காட்டினாள்,
அதே பக்கம்.

புழுதி அடங்கும்வரை நின்றோம்.
“நாளைக்கு வேற டிரைவர் வருவான்,” என்றாள்.
குடையை விரித்தாள்.
இன்னும் வெயில் ஏறியிருக்கவில்லை.