நடவடிக்கைக் குறிப்பு

சாட்ஸ்வர்த், மூன்றாம் யூனிட், சமூகக் கூடம்.
செவ்வாய் மாலை ஆறு மணி.
பொருள்: ஹிகின்சன் சாலையில்
ஒரு தடத்தைக் காரிடமிருந்து எடுத்து
பஸ்ஸுக்குக் கொடுப்பது.
வருகை அறுபத்தொன்று.
எழுதுபவள் நான்.
படிவம் இங்கிலீஷில். அதன் ஓரத்தில் மட்டும்
சனிக்கிழமை வகுப்பில் படித்த தமிழில் கிறுக்குவேன்.
மேலதிகாரிக்கு அந்த எழுத்து தெரியாது.

நகராட்சிப் பையன் திரையில்
சாம்பல் நிறத்தில் ஒரு மலையைக் காட்டினான்.
டர்பன் வண்டிகள் ஓராண்டில் விடும் புகையாம்.
தடம் வந்தால் இவ்வளவு குறையும் என்று
விரல் வைத்தான்,
மலையில் ஒரு பிசிறு.
"புகையை எந்தத் தராசுல தம்பி நிறுத்தீங்க?"
கூடமே சிரித்தது.
சிரிப்புக்குப் படிவத்தில் கட்டம் இல்லை.
'கேள்வி ஒன்று எழுந்தது' என்று எழுதினேன்.

டெல்வின் முனியன் எழுந்தார்.
பதினான்கு டாக்சி, நாற்பது வயிறு.
"பஸ்ஸே எட்டிப் பார்க்காத காலத்துல
இந்த மேட்டு ஜனத்தை வேலைக்குக் கொண்டுபோனது யாரு?
முப்பது வருஷம் நான் தேய்ச்ச ரோடு.
இப்போ கோடு போட்டு
எனக்கே அபராதமா?"
சாவிக்கொத்து அவர் கையில் ஆடிக்கொண்டே இருந்தது.
அவர் பக்கமும் நியாயம் இருந்தது.
நியாயத்துக்கும் கட்டம் இல்லை.
'ஆட்சேபம் ஒன்று.'

கடைசி வரிசையிலிருந்து நொக்வாஸி,
உம்லாசியிலிருந்து வரும் இரவு நர்ஸ்,
சீருடைமேல் கம்பளிச் சட்டை:
"ஏழு மணி வேலைக்கு நாலரைக்குக் கிளம்புறேன்.
ரெண்டு டாக்சி, ஒரு பாலம், மீதி நடை.
கார்பன் கணக்கு எனக்குத் தெரியாது.
காலையில் முதல் பஸ் எத்தனை மணிக்கு?
அதைச் சொல்லுங்க."
பையன் படங்களைப் புரட்டினான்.
முன்னும் பின்னும் புரட்டினான்.
மலை வந்தது, போனது, மறுபடி வந்தது.
'பதில் பின்னர் தரப்படும்.'

சுவரில் என் இடுப்புயரத்துக்கு
பழுப்பாய் ஒரு கோடு.
அந்த ஏப்ரல் மழையில்
தண்ணீர் வந்து நின்ற இடம்.
மூன்று தரம் வெள்ளையடித்தும்
வேர்வை மாதிரி மேலே வருகிறது.
அறுபத்தொரு பேரில் பாதிப்பேர்
அந்தக் கோட்டில்தான் முதுகு சாய்த்திருந்தார்கள்.
யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை.
பேசாததை நான் எழுதக்கூடாது.

எட்டரைக்குக் கூட்டம் கலைந்தது.
வாசலில் ஒரே நேரத்தில்
எல்லா எஞ்சினும் விழித்துக்கொண்டன.
என்ன தோன்றியதோ, எண்ணினேன்:
நாற்பத்தெட்டு வண்டி.
நாற்பத்தெட்டாவது என்னுடையது.
வீடு பதினோரு நிமிட நடைதான்.
ஆனால் இருட்டு. தெருவிளக்கு எரிவதில்லை. கையில் பை.
இதெல்லாம் சாக்கு இல்லை,
சாக்கு இல்லாமலும் இல்லை.
முனையில் ரோபோ செத்துக் கிடந்தது.
மூன்று நிறமும் அணைந்த அந்தக் கம்பத்தடியில்
முந்துகிறவர்களோடு நானும் முந்தினேன்.
ஹார்ன்கூட அடித்தேன்,
முனியனின் வண்டியைப் பார்த்து.

இரவு தட்டச்சு செய்யும்போது
'வருகை: 61' என்பதன் கீழே
'வண்டி: 48' என்று சேர்த்தேன்.
காலையில் சிகாமணி கூப்பிட்டார்.
"நிகழ்ச்சி நிரலில் இது எத்தனையாவது?"
"இல்லைங்க."
"அப்போ எடுத்துடும்மா."
எடுத்துவிட்டேன்.

அடுத்த கூட்டத்துக்கான அறிவிப்பு
இப்போது என் மேசையில்.
தேதி, இடம், நேரம்.
அதற்குக் கீழே யாரையும் கேட்காமல்
ஒரு வரி போட்டிருக்கிறேன்:
'கூடத்துக்கு வரும் பஸ்'.
எண்ணும் நேரமும் தெரிந்தால் நிரப்பிவிடலாம்.
டிப்போவுக்குப் போன் போட்டேன்.
அங்கே மணி அடிக்கிறது.
காதில் வைத்தபடியே
ஓரத்தில் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன்.
இன்னும் அடிக்கிறது.