வடாலாவுக்கு அப்புறம்

வடாலா ரோடு வரைக்கும் எந்த வண்டியானாலும் ஒன்றுதான்.
அதற்கப்புறம் பிரிகிறது
பன்வேலுக்கும் கோரேகாவுக்கும்.

பன்வேல் பக்கத்துப் பல்கலைக்கழகம்
சேரும்போதே பாடத்தைச் சொல் என்கிறது.
கோரேகாவ் பக்கத்தது
அடுத்த வருடம் சொன்னால் போதும் என்கிறது,
நாற்பதாயிரம் கூடுதல்.
"தெரியாமல் இருக்க ஒரு வருட வாடகை"
என்று சிரித்தாள் பியூலா.
என் தங்கை. பல் டாக்டர் ஆகப்போகிறவள்,
நான்காம் வகுப்பிலிருந்தே.

எனக்குச் செவ்வாய்க்கிழமைகளில்
புள்ளியியல் பிடிக்கிறது.
சாக்கடை நிரம்பி வாசலேறும் நாளில்
நீரியல் படிக்கலாம் போல இருக்கிறது.
வீட்டுக்காரர் வந்து கத்திவிட்டுப் போனால்
சட்டம்.

அப்பா எதுவும் சொல்லவில்லை.
ஆஸ்பத்திரி லிஃப்டில் வேலை அவருக்கு.
எந்த மாடி என்று கேட்பார்,
ஏன் என்று கேட்கமாட்டார்.

இன்று இரவு பன்னிரண்டு கடைசி.
போனில் பதினோரு சதவீதம்.
பெஞ்சில் உட்கார்ந்து
இரண்டு பக்கமும் நாலு நாலு வண்டி விட்டாயிற்று.

கைக்குழந்தையோடு ஒருத்தி ஓடி வந்தாள்:
இது அந்தேரி போகுமா?
போகாது, அடுத்தது, என்றேன்
தலை நிமிராமலே.
அடுத்தவளுக்கு எவ்வளவு சட்டென்று வருகிறது.

வாடகையைக் கட்டினேன்.
பாடம் என்ற கட்டத்தை
காலியாக விட விடவில்லை படிவம்.
ஒரு சின்னக் கோடு போட்டேன்.
ஏற்றுக்கொண்டது.

பன்வேல் வண்டி வந்தது.
வீடு அந்தப் பக்கம்தான்.
ஏறினேன்.