நான்கு பிக்சலுக்குக் கீழே

குறிச்சி சிட்கோவில் இரண்டாம் ஷிப்ட்.
பக்கத்துக் கம்பெனியில் மோட்டார் பம்புக்கு வார்ப்படம் ஊற்றுகிறார்கள்.
எங்கள் ஷெட்டில் ஏசி, செருப்புத் தூசியை ஒட்டி இழுக்கும் பாய்.
வங்கியிலிருந்து வரும் கையொப்பங்களை
நான் கோடாக்கிக் கொடுக்க வேண்டும்.

படமாக வரும்போது அது வெறும் கட்டங்கள்.
கறுப்பு, வெள்ளை,
நடுவில் எந்தப் பக்கமும் சேராத சாம்பல்.
லேசருக்குச் சாம்பல் புரியாது.
எங்கே தொடங்க, எங்கே வளைய, எங்கே கை எடுக்க,
அதற்கு வேண்டியது அவ்வளவுதான்.
ஆகவே சாம்பலை இரண்டில் ஒன்றாக்கி
ஓரத்தைத் தடவிக்கொண்டே போய்க்
கரும்புக்கு இருப்பதுபோல் கணு வைப்பேன்.
கணுவுக்கும் கணுவுக்கும் நடுவே ஒரு வளைவு.
கணு குறைந்தால் வேலை சுத்தம் என்பார் சூப்பர்வைசர் நல்லசிவம்.

ஒரு ஷிப்டுக்கு ஆயிரத்தெண்ணூறு.
கரூர் கொசுவலைக்காரர் கையெழுத்து பாதியில் படுத்துவிடும்.
திருச்செங்கோட்டு ரிக் வண்டி முதலாளி
பெயருக்கு அடியிலிருந்து ஒரு கோடு இறக்குவார்,
படிவத்தின் கட்டத்தையும் துளைத்துக்கொண்டு.
பெருந்துறையில் ஒருவர்
மூன்று மேடு ஒரு பள்ளத்தில் தன்னை முடித்துக்கொண்டார்.
பன்னிரண்டு கணு போதும் அவருக்கு.
முகம் ஒன்றும் எனக்குத் தெரியாது.
அவசரம் தெரியும். பேனா மக்கர் செய்த இடம் தெரியும்.

பிறகு காங்கேயத்திலிருந்து ஒரு போன்.
தேங்காய்ப் பருப்புக் களம் வைத்திருப்பவர், மயிலாத்தாள்.
"ஏனுங்க, என்ற பேருல ரெண்டு புள்ளியக் காணோமுங்க."
கார்டு வந்துவிட்டதாம். சிப் வேலை செய்கிறதாம்.
மிஷினில் பணமும் வருகிறதாம்.
"அதெல்லாஞ் செரிங்க. ஆனா இது நானில்லீங்களே."

கோப்பைத் திறந்தேன்.
வங்கி அனுப்பிய படத்தில் இருந்தன:
தகரத்தின் தலையில் ஒன்று, கடைசி ளகரத்தின் தலையில் ஒன்று,
சின்னதாக, இடம் பிசகாமல்.
நான் அனுப்பியதில் இல்லை.
மயிலாததாள என்று
வாயை மூட முடியாமல் நின்றது பெயர்.

நான்கு பிக்சலுக்குக் கீழே இருப்பதெல்லாம் தூசி
என்று மென்பொருளுக்கு யாரோ சொல்லி வைத்திருக்கிறார்கள்.
ஸ்கேனர் கண்ணாடியில் ஒட்டிய பஞ்சு, ஜெராக்ஸ் மை,
ஈ எச்சம், மெய்யெழுத்து,
எல்லாம் ஒரே கூடையில்.
மூன்று வருடம்.
எத்தனை பேர் வாயைத் திறந்து விட்டிருக்கிறேனோ,
ஒருவரும் கேட்கவில்லை.

அளவை இரண்டாக்கிப் பார்த்தேன்.
பனியன் கம்பெனிக்குள் பஞ்சு பறப்பதுபோல்
பெயரைச் சுற்றி ஒரே புள்ளிக்கூட்டம்.
நல்லசிவம் எட்டிப் பார்த்தார்:
"இத்தனையையும் லேசர் சுடோணுமப்பா. நேரத்த யாரு குடுப்பா?"
அவர் சொன்னதிலும் பொய்யில்லை.
கார்டுக்கு முக்கால் விநாடி கூடினால்
ஷிப்டுக்கு இருபத்திரண்டரை நிமிடம்.

ஆக இப்போது கண்ணால் பார்க்கிறேன்.
தமிழில் போட்டது வந்தால் நிறுத்திப் பெரிதாக்கிப்
புள்ளி புள்ளியாக விசாரணை.
தலைக்கு மேலே இருந்தால் எழுத்து என்றும் நம்ப முடிவதில்லை.
சிலர் ஓடுகிற ஓட்டத்தில்
இந்த எழுத்தின் புள்ளியை அடுத்ததன் மேல் வைத்துப் போயிருப்பார்கள்.

மயிலாத்தாளுக்கு மறு கார்டு போயிற்று.
இரண்டு புள்ளியையும் கடைசியில் சுடும்படி வரிசை மாற்றினேன்.
பிளாஸ்டிக் கருகும் வாசனை
அன்றைக்குக் கொஞ்சம் கூடுதல். எனக்குத்தான் தோன்றியிருக்கும்.

நேற்று ஒன்று, தாராபுரம், ரா. குழந்தைவேல்.
இனிஷியலுக்கு ஒன்று, நகரத்துக்கு, லகரத்துக்கு,
எல்லாப் புள்ளியும் சரி.
கு-வின் வாலுக்குக் கீழே இன்னும் ஒன்று.
பேனா இடறியதா, கண்ணாடி அழுக்கா,
அவருக்கென்று ஒரு வழக்கமா.
பழைய விண்ணப்பம் கேட்டால் இரண்டு நாளாகும்.
டீ ஆறும்வரை பார்த்தேன்.
விட்டேன். சுட்டது.

அது தூசியாக இருந்தால்
தாராபுரத்தில் ஒரு மனிதர்
கார்டை மேசைமேல் சாய்த்து வைத்துப் பார்த்துப் பார்த்து
பழைய ரசீதின் பின்பக்கத்தில்
கு-வுக்குக் கீழே ஒரு புள்ளி வைக்கப்
பழகிக்கொண்டிருப்பார்.